திரும்பிப் போவாள் என்பதற்கு ஆதாரம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று சத்தியம் செய்கிறேன். தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யலாமென்றால் தலை வழுக்கை, கை நிற்காது. ஆகவே என் பல்மேல் ஆணை. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் என் மச்சினிதான் தன் கையால் செய்து கடல் தாண்டி அனுப்பினாள். அவற்றின்மேல் பொய்ச் சத்தியம் செய்தால் நாக்கைக் கடித்துவிடும். அவள் குணம் அப்படி, அவள் செய்த பல்லின் குணமும் அப்படி.

மச்சினி என்றால் என் மனைவியின் ஒரே தங்கை. ஒரு பல் டாக்டரிடம் பல் செட் செய்யும் வேலை. டாக்டர் ஆட்களின் வாய்க்குள் பசையை அப்பி அச்சு எடுத்துக் கொடுப்பார். இவள் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, அதன்மேல் பல் கட்டுவாள். அவள் மேசைமேல் எப்போதும் முகமில்லாத வாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டை அவற்றின் எதிரில்தான் சாப்பிடுவாளாம். கேட்டால், "துணைக்கு ஆளுங்க இருக்காங்கல்ல அத்தான்" என்பாள்.

என் வாயின் அச்சை நான் பார்சலில் அனுப்பினேன். வழியில் வெயில் பட்டு விரிந்துவிட்டது போலிருக்கிறது, வந்து சேர்ந்த செட் ஒரு சுற்று பெரிசு. அன்றிலிருந்து என்னால் வாயை முழுசாக மூட முடியவில்லை. நான் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். துக்க வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் இருப்பது வேறு நாடு. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கென்று வந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். வேலையில் நான் பெரிய ஆள். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நான் ரிப்பேர் செய்த லிஃப்ட் பதின்மூன்றாவது மாடிக்குப் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பி வந்தார்கள். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. லிஃப்ட்காரனின் முக்கியமான வேலை வேறு. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து போன் செய்வார்கள். அப்போது, "பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கேன், கீழ் மாடிக்கு வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அநேகமாக நான் அப்போது வேறொரு தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு சீராகிவிடும். அந்தக் குரலுக்காகவே கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது என்பார்கள்.

என் மனைவிக்குச் சர்க்கரை. அது முதலில் சிறுநீரகத்தைத் தின்றது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு அவளைப் பிணைத்துவைப்பார்கள். அதனால் அவளால் எங்கும் பயணம் போக முடியாது. பிறகு சர்க்கரை கண்ணுக்கு வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் இந்நேரம் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மெஷின் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்.

"என்னங்க, குட்டியை ஒரு தடவை கிட்டக்க வச்சுப் பாக்கணும்."

குட்டி என்பது தங்கை. அறுபதை நெருங்கிவிட்ட குட்டி.

"போன்லதான் தினம் பாக்கறியே."

"அது முகமா? ஸ்டாம்ப் சைஸுல ஏதோ நடுங்குது. பேசிட்டிருக்கறப்பவே உறைஞ்சு போகுது. வாயைத் திறந்தபடி நிக்கறா, யாரோ பல்லைப் பிடுங்கப் போற மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இங்க வந்தப்ப அவளுக்குத் தலையில ஒரு நரை கிடையாது. இப்ப எப்படி ஆயிருக்கான்னு பாக்கணும். கண்ணு இருக்கறப்பவே பாக்கணுங்க" என்றாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் என்னிடம் கேட்டவை கொஞ்சம். நான் கொடுத்தவை அதைவிடக் கொஞ்சம். சரி என்றேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே பிரதி எடுக்கும் கடை வைத்திருப்பவனை எல்லோரும் ஜெராக்ஸ் என்றே கூப்பிடுவார்கள். டிக்கெட், விசா, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவன்தான். சுற்றுலா விசாவுக்கு இங்கிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வேண்டும் என்றான். மனைவி சொல்லச் சொல்ல அவன் தட்டினான். 'எனக்கு அவளை விட்டால் யாருமில்லை. அவளுக்கும் என்னை விட்டால் யாருமில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. இருப்பது வாடகை அறை. அவளை ஒருமுறை என் கண்ணில் காட்டுங்கள்.' படித்துப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் மூக்கைச் சிந்தினோம். கடைக்கு வந்த ஒருவர், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு அவரும் அழுதார். பிரிண்டரிலிருந்து வந்த காகிதமே லேசாக ஈரமாகத்தான் இருந்தது.

மச்சினி தன் ஊர் விசா அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். அங்கே ஓர் அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். கண்ணாடிக்காரர் என்றுதான் அவள் சொல்வாள். சில வாரத்தில் பதில் வந்தது: 'விண்ணப்பதாரர் பயணம் முடிந்து திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.'

ஜெராக்ஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அண்ணே, தப்புப் பண்ணிட்டோம். அவங்களுக்கு அங்க யாருமே இல்லன்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம். அப்ப எதுக்காகத் திரும்பி வருவாங்கன்னு அவரு கேக்கறாரு."

"உண்மையைத்தானேப்பா எழுதினோம்?" என்றாள் மனைவி.

"அதாங்க்கா தப்பு."

ஆக, மச்சினிக்கு அந்த ஊரில் ஒரு பிணைப்பு வேண்டும். அவள் அறை வாசலில் படுத்திருந்த தெருநாயைச் சேர்த்துக்கொண்டாள். சாட்சி என்று பேர் வைத்தாள். நாய்க்கு ஊசி, கழுத்துப்பட்டை, டாக்டர் சான்று எல்லாம் தயார். இரண்டாவது நேர்காணலுக்கு அதையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் இல்லாவிட்டால் இது யார் கையிலும் வாங்கிச் சாப்பிடாது என்று அவள் சொல்ல, கண்ணாடிக்காரர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்து வழியாகத் தள்ளினார். சாட்சி அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டது.

மறுப்புக் கடிதம் வந்தது. நாய்க்கு மட்டும் விசா கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

மூன்றாவது முறை அந்த ஊர்க் கிழவர்களும் கிழவிகளும் பொறுக்க முடியாமல் தாங்களே கிளம்பினார்கள். எல்லோர் வாயிலும் மச்சினி கட்டிய பல். அவளுடைய நேர்காணல் நாளில் வரிசையாக உள்ளே போய், ஆளுக்கு ஒரு செட்டைக் கழற்றிக் கண்ணாடிக்காரர் முன்னால் வைத்தார்கள். இவள் திரும்பி வந்தே தீருவாள், இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் சரி பார்ப்பது என்று கேட்பதாக ஏற்பாடு. ஆனால் பல்லைக் கழற்றிய பிறகு ஒருவராலும் பேச முடியவில்லை. அத்தனை பேரும் வெறும் ஈறுகளால் அரை மணி நேரம் வாதாடினார்கள். கண்ணாடிக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாராம். திரும்ப எடுக்கும்போது செட்டுகள் மாறிவிட்டன. ரிடையரான தலைமையாசிரியர் ஒருவர் காய்கறிக்காரியின் பல்லைப் போட்டுக்கொண்டு போய், ஒரு வாரம் வகுப்புத் தோரணையில் தக்காளி விலை கூவினார்.

பதில் வந்தது: 'இவ்வளவு பேர் விண்ணப்பதாரரை நம்பியிருக்கும்போது அவர் சுற்றுலா போக விரும்புவது நம்பத்தக்கதாக இல்லை.'

இதற்கிடையில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் மறுப்பை மனைவி தானே படித்தாள். இரண்டாவதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தாள். மூன்றாவதற்குப் பூதக்கண்ணாடி. நாலாவது வந்தபோது தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "அதேதானே?" என்றாள். அதேதான்.

ஐந்தாவது முறைக்கு முன்னால் ஜெராக்ஸ் ஒரு யோசனை சொன்னான். அங்கே ஒரு கணவர் இருந்தால் கதையே வேறு. போனை ஸ்பீக்கரில் போட்டு நான்தான் மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏம்மா, பேப்பருக்காகத்தான். ஒரு நல்ல மனுஷனா பார்த்து..."

"அத்தான், ஒண்ணு கேக்கறேன். அக்காவைப் பாக்க விசா வேணும். விசாவுக்குப் புருஷன் வேணும். அந்தப் புருஷனை அங்க உக்கார வச்சு, சோறாக்கி வச்சு, நான் திரும்பி வர்ற வரைக்கும் ஓடிப் போகாம யாரு பாத்துக்கறது? சாட்சியா?"

"அது பிஸ்கெட் குடுத்தா அவரையும் விட்டுக் குடுத்துடும்" என்றாள் மனைவி படுக்கையிலிருந்து.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நின்றது.

"அக்கா, இப்ப எவ்வளவு தெரியுது?"

"நல்லாத் தெரியுதுடி."

"அத்தான், எவ்வளவு தெரியுது?"

"ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு" என்றேன். மனைவி என் கையில் கிள்ளினாள். கிள்ளுவதற்கு முன் என் கை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள்.

ஐந்தாவதை நான் படித்துச் சொன்னேன்.

ஆறாவது முறை, போனால் போகட்டும், மறைக்காமல் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தோம். ஆஸ்பத்திரிச் சான்று, கண் டாக்டர் சான்று, மெஷினோடு இருக்கும் படம் எல்லாவற்றையும் வைத்தோம். பெரிய டாக்டர் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: 'தயவுசெய்து சீக்கிரம்.' இந்த முறை கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். மச்சினிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மறுக்கப் போகிறவர்கள்தான் தண்ணீர் கொடுப்பார்கள்.

கடிதம் வந்தது: 'சகோதரியின் உடல்நிலையைக் கருதும்போது, விண்ணப்பதாரர் அவரைப் பராமரிக்க அங்கேயே தங்கிவிடக்கூடும்.'

மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காகிதம் பிரியும் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள். சுவர்ப் பக்கம் திருப்பினாள். நான் நின்றது ஜன்னல் பக்கம்.

"என்ன போட்டிருக்கு?"

"பரிசீலனையில இருக்காம். பயப்படாதே. வந்துட்டே இருக்கா."

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசற குரல்ல பேசறீங்க" என்றாள். "படிங்க."

படித்தேன். அவள் வெகுநேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் வியாதியே அவளுக்குக் குறுக்கே நிக்குதுங்களா? நான் நல்லா இருந்தா விட்டிருப்பாங்க. நல்லா இருந்தா நானே போய்ப் பாத்திருப்பேனே."

எனக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரு கதை இருக்கும். அன்று இல்லை. வாய் மட்டும் திறந்தே இருந்தது, பல்லின் காரணமாக.

சில நாளில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. மச்சினி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்றாள்.

"அத்தான், ஏழாவது போட்டிருக்கேன். அது கெடக்கட்டும். நான் எப்படியாவது வந்துடறேன். அக்காகிட்ட சொல்லிடுங்க."

"எப்படிம்மா?"

"வந்தப்புறம் பாருங்க."

அவளும் வந்தாள். விமானத்தில்தான் வந்தாள், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. நானே போய்க் கதவைத் திறந்து, தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். ரொம்ப இளைத்திருந்தாள், ஒரு கையால் தூக்கிவிடலாம் போல. வெளுத்தும் போயிருந்தாள். அத்தனை தூரம் வந்தால் யார்தான் வெளுக்க மாட்டார்கள்? உடனே பேசினால் அக்கா தாங்க மாட்டாள் என்று முதலில் அவளைச் சமையலறையில் உட்காரவைத்தேன். நானும் எதிரில் உட்கார்ந்தேன். நெற்றியில் சுருக்கம், கன்னம் ஒட்டிப் போயிருந்தது, வாயோரம் இரண்டு கோடு. நான் கடைசியாகப் பார்த்த பெண்ணைத் தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிறகு உள்ளே கூட்டிப்போய், மனைவியின் தலையணைமேல், அவளுக்கு முகத்தோடு முகமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன்.

"யாரு வந்திருக்கா பாரு."

மனைவி கையை நீட்டினாள். விரல் முதலில் மூக்கில் பட்டது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மேலே போனது. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. சின்ன வயதில் தன்னைப் பற்றி அம்மாவிடம் கோள் சொன்னதற்காக என் மனைவி தம்ளரை எறிந்து உண்டாக்கியது. அதைத் தொட்டதும் அவள் உதடு கோணியது.

"குட்டி."

"அக்கா" என்றாள் மச்சினி. குரல் கொஞ்சம் தள்ளி, தலையணைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் வந்தது. களைப்பு.

"ஏண்டி இப்படிச் சில்லுன்னு இருக்கே?"

"பிளேன்ல ஏசி போட்டுக் கொன்னுட்டாங்கக்கா."

"எப்ப சாப்ட்டே? கன்னம் உள்ள போயிருக்கு."

"பசிக்கலைக்கா. நீ தொடு. இன்னும் தொடு."

விரல்கள் கன்னத்துக்கு வந்தன, தாடைக்கு வந்தன, வாயோரத்துக் கோடுகளில் மேலும் கீழும் போயின. "அம்மா மாதிரி ஆயிட்டேடி. அப்படியே அம்மா" என்றாள். பிறகு கண்களுக்குப் போனாள். இரண்டு கட்டைவிரல்களையும் இமைகள்மேல் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"என்னங்க, இவ ஏன் கண்ணை மூடிட்டிருக்கா?"

மச்சினிதான் சொன்னாள். குரல் உடைந்து வந்தது.

"நீ பாக்காதப்ப நான் மட்டும் எதுக்குக்கா பாக்கணும்?"

மனைவி அந்த முகத்தை இழுத்துத் தன் கழுத்தோடு சேர்த்துக்கொண்டாள். அக்காவும் தங்கையும் சாயங்காலம் வரை பேசினார்கள். தம்ளருக்காகச் சண்டை போட்டார்கள். சாட்சியின் துரோகத்தை மறுபடி பேசிச் சிரித்தார்கள். இடையில் ஒருமுறை, "வாயே அசையாமப் பேசறியேடி, எங்க கத்துக்கிட்டே?" என்று மனைவி கேட்டாள். "பல்லுங்களோட வேலை செஞ்சு வாய் தேஞ்சு போச்சுக்கா" என்றாள் இவள். மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு, என் பக்கம், சரியாக என் பக்கம் முகத்தைத் திருப்பி, "ரொம்ப தாங்க்ஸ்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் மெஷினுக்குப் போகாத நேரமெல்லாம் தங்கை பக்கத்திலேயே இருந்தாள். ராத்திரி தலையணையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஓரத்தில்தான் இடம்.

"இவளைத் திருப்பி அனுப்பிடாதீங்க" என்று ஒரு நாள் மனைவி சொன்னாள். "விசா முடிஞ்சாலும்."

"யாரு கேக்கப் போறா" என்றேன்.

மனைவி போய்ச் சேர்ந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், இந்த மனுஷன் எப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான் பார் என்று பேசிக்கொண்டார்களாம். ஜெராக்ஸ்தான் அவர்களைத் தனியே கூப்பிட்டுப் பல்லைப் பற்றி விளக்கினான். மனைவியின் கை கடைசிவரை தங்கையின் கன்னத்தில்தான் இருந்தது. நான்தான் மெல்ல எடுத்தேன்.

கண்ணாடிக்காரரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் கணித்தது சரி. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தவள் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறாள், அக்காவின் தலையணைமேல், ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு. காலையில் நான் அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். சாயங்காலம் அவள் போனில் பேசுவாள்.

ஏழாவது விண்ணப்பமும் மறுக்கப்பட்டது. வாசல் மணி அடித்த அந்த மத்தியானம் பார்சலில் வந்தது, மச்சினி தன் முகத்தில் அச்சு எடுத்து ஊற்றி அனுப்பிய பிளாஸ்டர்.